திருவாசகப் பேரிசை: கேட்பதும் மதிப்பிடுவதும்

இசையும் இறைவாழ்வும்



உத்தமபாளையத்தைச் சுற்றியுள்ள பங்குகளின் பாடகர் குழுவினர் கூடிப் பேசும்போது அடிக்கடி எழும் வினாக்கள் இரண்டு உண்டு. நம் பக்கத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா இசையமைத்து வெளிவந்த 'திருவாசகம்' உண்மையிலேயே சிம்பொனிதானா என்பது ஒன்று. சைவப் பெருமக்களின் எட்டாம் திருமுறையைக் கத்தோலிக்க இல்லத்தில் ஒலிக்கச் செய்வது தகுமா என்பது மற்றொன்று. முதல் வினாவை இசை பயின்றோர் கேட்கின்றனர். இரண்டாவதைப் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் கேட்கின்றனர். இரண்டும் நேர்மையான வினாக்களே. "நம் ஊர்க்காரர் செய்தது, ஆகவே நன்று" என்று புகழ்ந்து விடுவதும், "நமக்குரியதன்று" என்று ஒதுக்கி விடுவதும் அவற்றுக்கு விடையாகா. கேட்டு, நிறுத்தி, மதிப்பிட்ட பின்னரே விடை கூறல் முறை.

முதலில் செய்தியை அறிவோம். இப்படைப்பு 2005ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் சென்னையில் வெளியிடப்பட்டது. இதனை வெளிக்கொணர முன்நின்றது தமிழ் மையம் என்னும் அமைப்பு. அதனை நிறுவியவர் கத்தோலிக்கக் குருவாகிய ஜெகத் கஸ்பார் ராஜ் அடிகளார். மணிலாவிலிருந்து ஒலிபரப்பான வேரித்தாஸ் வானொலியின் தமிழ்ப் பணியில் இருந்தவர் என்ற முறையில் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அவர் குரல் பழக்கமானதே. திருவாசகத்தின் 51 பகுதிகளினின்றும் ஆறு பகுதிகளிலிருந்து பாடல்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. யாத்திரைப் பத்து, சிவபுராணம், திருக்கோத்தும்பி, பிடித்த பத்து, திருப்பொற்சுண்ணம், அச்சப்பத்து என்பன அவை. பல்லியம் எனப்படும் பெரும் வாத்தியக் குழுவின் பகுதியை, ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவினர் லாஸ்லோ கோவாச் என்பவரின் நடத்துகையில் வாசித்தனர். இடையிடையே வரும் ஆங்கில அடிகளை எழுதியவர் அமெரிக்கரான ஸ்டீஃபன் ஷ்வார்ட்ஸ். மத்தேயு நற்செய்தியைத் தழுவி 1971இல் அரங்கேறிய 'காட்ஸ்பெல்' இசை நாடகத்துக்குப் பாடல் இயற்றியவர் இவரே. ஒலிக்கலவை நியூயார்க்கில் நடைபெற்றது. சைவ அடியாரின் சொல், கத்தோலிக்கக் குருவின் முயற்சி, ஹங்கேரியரின் வில், அமெரிக்கரின் எழுதுகோல் ஆகிய இத்தனையும் ஒரே வட்டத்தட்டில் அடங்கியிருத்தல் வியப்புக்குரியது. ஆனால் வியப்பு வேறு, மதிப்பு வேறு.

இது சிம்பொனியா? சிம்பொனி என்பது மேனாட்டில் பல்லியத்துக்கென எழுதப்படும் நீண்ட இசைப் படைப்பு. பெரும்பாலும் நான்கு இயல்களாக அமையும். சிறு இசைக்கருத்து ஒன்று பிறந்து, வளர்ந்து, பகைத்து, இணைந்து முடிவை எட்டும். அதில் சொல்லுக்கு இடமில்லை என்பதே நெடுங்காலத்து வழக்கம். 1824ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் வியன்னா நகரில் அரங்கேறிய ஒன்பதாம் சிம்பொனியின் இறுதி இயலில் பேத்தோவன் மனிதக் குரலைக் கொணர்ந்து அவ்வழக்கத்தை மாற்றினார். அவ்வழியில் வந்தவற்றுள் அளவால் மிகப் பெரியவற்றுள் ஒன்று குஸ்தாவ் மாலரின் எட்டாம் சிம்பொனி. 1910ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் மியூனிக் நகரில் அது அரங்கேறியபோது பாடியோரும் வாசித்தோருமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மேடையில் இருந்தனர். 'ஆயிரவர் சிம்பொனி' என்னும் பெயர் அதனால் நிலைத்தது. எண்மர் தனித்துப் பாட, இரு பெரும் பாடகர் குழுக்களும் சிறுவர் குழுவும் ஆர்கனும் சேர எழும் அப்பேரிசையின் முதற் பகுதிக்குச் சொல்லாக அமைந்தது எது தெரியுமா? குருப்பட்டத் திருச்சடங்கின்போது நம் முன்னோர் இலத்தீனில் கேட்ட 'வேனி கிரேயாத்தோர்' என்னும் தூய ஆவியார் கீதமே. அக்கீதம் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பர். மாணிக்கவாசகரையும் அறிஞர் பலர் அந்நூற்றாண்டிலேயே வைக்கின்றனர். ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒன்று இலத்தீனிலும் மற்றொன்று தமிழிலுமாகப் பிறந்த இரு வேண்டுதல்கள், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் பேரிசை உருக்கொண்டன.

இவ்வளவைகொண்டு நோக்கின், இளையராஜாவின் திருவாசகம் கண்டிப்பான பொருளில் சிம்பொனி அன்று. ஆறு பாடல்களும் தனித்தனியே நிற்பவை. முதற்பாடலில் தோன்றிய இசைக்கருத்து ஆறாம் பாடலில் வளர்ந்து வந்து நம்மைச் சந்திப்பதில்லை. சமயப் பொருளைத் தனிக்குரலாலும் கூட்டுக்குரலாலும் பல்லியத்தாலும் மேடையில் பாடும் 'ஆரட்டோரியோ' என்னும் வகைக்கே இது அணுக்கமானது. 1742இல் டப்ளின் நகரில் அரங்கேறிய ஹேண்டலின் 'மெசியா' அவ்வகையின் தலைசிறந்த சான்று. சிம்பொனி என்ற பெயரை நம்பிப் பேத்தோவனை எதிர்பார்த்தோர் ஏமாற்றமடைந்தமைக்குப் பெயரே காரணம். பெயர்ப்பிழைக்காகப் பொருளைத் தள்ளிவிடுதல் கூடாது. சொல் இல்லாத முழுமையான பல்லியச் சிம்பொனியை அவர் பின்னர் எழுதி, 2025ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் லண்டனில் 'வேலியன்ட்' என்ற பெயரில் அரங்கேற்றியதை நாம் அறிவோம். 2005இன் திருவாசகத்தை அதன் இயல்புக்கேற்ற அளவுகோலால் அளப்பதே நீதி.

எந்த அளவுகோல்? பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் 1903ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், இசைக்கலைஞரின் பாதுகாவலியாம் புனித செசிலியம்மாள் திருநாளன்று, திருச்சபை இசையைப் பற்றி ஓர் ஆணை விடுத்தார். திரு இசைக்கு மூன்று பண்புகள் வேண்டும் என்றார். பரிசுத்தம் முதலாவது. கலை அழகு இரண்டாவது. எல்லா மக்களுக்கும் ஏற்ற பொதுமை மூன்றாவது. அவ்வாணை வழிபாட்டு இசைக்கு உரியது. திருவாசக ஒலித்தட்டு நம் வழிபாட்டுக்கு உரியதன்று. ஆயினும் இறைவனை நோக்கிப் பாடும் எந்த இசையையும் நிறுத்துப் பார்க்க இதனினும் நல்ல தராசு எளிதில் கிடைக்காது.

முதலில் பரிசுத்தம். இசை தன்னைக் காட்ட வந்ததா, சொல்லைத் தாங்க வந்ததா என்பதே இங்கு வினா. இத்தட்டின் உயிர்நிலை, ஏறத்தாழ 20 நிமிடம் ஒலிக்கும் சிவபுராணப் பகுதி. அடியார் தம் தகுதியின்மையைச் சொல்லி முறையிடத் தொடங்கும் இடத்தினின்று இசையமைப்பாளர் பாடலை எடுத்துக்கொண்டுள்ளார். அங்கே பயின்று பண்பட்ட ஓதுவார் குரலைத் தேடாமல் தம் குரலையே வைத்துள்ளார். அக்குரல் இனிமைக்குப் பெயர் பெற்ற குரலன்று. சற்றுக் கரகரத்தது. நம் பள்ளத்தாக்கின் வயல் வரப்பிலும் ஏலத்தோட்டத்துப் பாதையிலும் கேட்கும் குரல் போன்றது. அத்துணைப் பெரிய பல்லியத்தின் முன் அது தனியே நிற்கும்போது, ஆலயத்தின் பின்புறம் நின்று மார்பில் அறைந்துகொண்ட ஆயக்காரனை நினையாதிருக்க இயலவில்லை. இவ்விடத்தில் இசை சொல்லுக்குப் பணியாளாக நிற்கிறது. இதுவே இப்படைப்பின் பெருவெற்றி என்பது நம் கருத்து.

ஆனால் அதே பகுதியில்தான் பெருங்குறையும் உள்ளது. தமிழ் அடிகளின் நடுவே ஆங்கில அடிகள் எழுகின்றன. தமிழறியாத செவிக்கு அவை வாயில். தமிழறிந்த செவிக்கோ வாசற்படியில் கால் இடறுவது போன்ற தடை. மாணிக்கவாசகர் சொல்லி முடித்ததை மற்றொருவர் விளக்கிச் சொல்ல, கண்ணீர் வரும் வேளையில் கருத்துரை வந்து நிற்கிறது. சிலருக்கு இக்கலப்பு பிடித்திருக்கலாம். நமக்கு அவ்வடிகள் குறைந்திருப்பின் நன்றாயிருக்கும் என்றே தோன்றுகிறது.

பரிசுத்தம் என்ற தலைப்பிலேயே பெற்றோரின் வினாவுக்கும் விடை தேடவேண்டும். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்ட அறிக்கையில், பிற சமயங்களில் காணப்படும் உண்மையும் புனிதமுமான எதையும் திருச்சபை தள்ளிவிடுவதில்லை என்ற கருத்தைத் தெளிவாக்கியுள்ளது. அச்சங்கத்துக்கு 65 ஆண்டுகள் முன்னரே, கிறிஸ்தவ மறைபணியாளராகிய ஜி. யு. போப் திருவாசகம் முழுவதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து 1900இல் ஆக்ஸ்போர்டில் வெளியிட்டார். பிடித்த பத்தில் அடியார் இறைவனை இறுகப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். ஆதியாகமம் 32ஆம் அதிகாரத்தில் யாக்கோபு விடியுமட்டும் போராடி, ஆசி பெறாமல் விடேன் என்று பற்றியிருந்ததைப் படித்த நமக்கு அப்பற்று அந்நியமானதன்று. அச்சப்பத்தைக் கேட்போருக்கு 27ஆம் சங்கீதம் நினைவுக்கு வரும்.

அதே வேளையில் வேறுபாட்டை மறைப்பதும் மரியாதையன்று. சிவபுராணம் புல் முதலாகப் பல பிறவி எடுத்து இளைத்த உயிரின் வரலாற்றைக் கூறுகிறது. மனிதர் ஒருமுறையே இறக்கின்றனர், பின்னர் தீர்ப்பு வருகிறது என்பது எபிரேயர் நிருபத்தின் போதனை, நம் விசுவாசம். பிள்ளைகள் கேட்டால் இதனைத் தெளிவாகச் சொல்லுங்கள். "அவர்கள் நம்புவது இது, நாம் நம்புவது இது; இருவரும் ஏங்குவது கடவுளுக்காக" என்று மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடலாம். அவ்வாறு சொல்லத் தெரிந்த இல்லத்தில் இத்தட்டு ஒலிப்பதால் விசுவாசத்துக்குக் கேடு வாராது. சொல்லத் தெரியாத இல்லத்தில் குறை தட்டில் இல்லை, ஞானோபதேசத்தில் உள்ளது.

இரண்டாவது, கலை அழகு. நம் பண்களுக்கும் மேனாட்டு இசைக்கும் உள்ள அடிப்படை வேற்றுமையை இங்கு அறிதல் வேண்டும். நம் இசையில் ஒரே சுரம் அசைந்தும் வளைந்தும் அழகு பெறுகிறது. மேனாட்டிலோ பல சுரங்கள் ஒரே வேளையில் ஒலித்து, ஒன்றோடொன்று இசைந்து அழகு பெறுகின்றன. பலர் சேர்ந்து வெவ்வேறு சுரங்களைப் பாடும்போது ஒவ்வொருவரும் தம் சுரத்தில் அசையாமல் நிற்கவேண்டும். ஒருவர் வளைத்தால் கட்டடம் ஆட்டங்காணும். ஆகவே வளைவை விரும்பும் தமிழ்ப் பாட்டையும் நிலைப்பை விரும்பும் கூட்டுக்குரலையும் இணைப்பது எளிய செயலன்று. பொதுவாகக் கூறின், இப்படைப்பில் வளைவு தனிக்குரலுக்கும் நிலைப்பு கூட்டத்துக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. அதனால் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்றதும், அதற்கு முன் இவ்வூர்களின் மேடைகளில் தமையனாருடன் பாடித் திரிந்ததும் ஆகிய இரு பள்ளிகளின் பயன் இங்கே தெரிகிறது.

திருப்பொற்சுண்ணம் பெண்டிர் கூடிப் பொற்சுண்ணம் இடிக்கும்போது பாடும் பாட்டாக அமைந்தது. உரலும் உலக்கையும் அறிந்த நம் தாய்மார்க்கு அதன் நடை விளக்கமின்றியே புரியும். ஆயினும் வேறு சில இடங்களில் திரைப்பாடலின் தாளநடை எட்டிப் பார்க்கிறது. 1976ஆம் ஆண்டின் 'அன்னக்கிளி' தொடங்கி ஆயிரக்கணக்கான திரைப்பாடல்களுக்கு இசையமைத்த கைக்கு அது இயல்பே. எனினும் அவ்விடங்களில் அடியாரின் உருக்கம் இளகி, பாட்டின் துள்ளல் மேலோங்குகிறது. திருவாசகத்துக்கு உருகாதவர் எதற்கும் உருகார் என்பது தமிழ்நாட்டுப் பழமொழி. உருக வைக்கும் நூலுக்குத் துள்ள வைக்கும் தாளம் எங்ஙனம் பொருந்தும்?

மூன்றாவது, பொதுமை. தமிழ் ஒரு சொல்லும் அறியாத ஹங்கேரியக் கலைஞர், தாளில் எழுதிய இசைக்குறிகளைப் பார்த்து வாசித்துள்ளனர். எழுதப்பட்ட இசைக்கு உள்ள ஆற்றல் இதுவே. எழுதியவர் அருகில் இல்லாதபோதும், அவர் மொழி அறியாதவரும் அதனைப் படித்து ஒலிக்கச் செய்யலாம். செவிவழியே கற்றுச் செவிவழியே மறக்கும் நம் பாடகர் குழுக்கள் இதனைக் கருதுதல் நன்று. நல்ல பாடல் ஒன்றை அமைத்த ஆசிரியர் மறைந்தபின் அவர் மெட்டு இரண்டு தலைமுறையில் உருமாறிப் போவதை எத்தனை பங்குகளில் காண்கிறோம்!

இனி ஒலிப்பதிவைப் பற்றி ஒரு சொல். மேடையில் நடைபெறும் பேரிசையும் பதிவு செய்யப்பட்ட பேரிசையும் ஒன்றல்ல. மியூனிக்கில் ஆயிரவர் ஒரே கூரையின்கீழ் ஒரே மூச்சில் பாடினர். திருவாசகத்திலோ பல்லியம் கடல் கடந்த நாட்டில் பதிவாக, குரல்கள் வேறிடத்தில் பதிவாகிப் பின் இணைக்கப்பட்டன. இதில் ஒரு நன்மை உண்டு. நூற்றுக்கணக்கான நரம்புகள் முழங்கும்போதும், ஒலிவாங்கியின் உதவியால் மெல்லிய தனிக்குரல் தெளிவாகக் கேட்கிறது. இயற்கையில் அது நிகழாது. குறையும் உண்டு. ஒருவரையொருவர் செவிமடுத்துப் பாடுவோரிடையே பிறக்கும் சிறு தயக்கமும் சிறு விரைவும் ஆகிய உயிர்த்துடிப்பு இங்கு அரிதாகவே அகப்படுகிறது. பாடகர் காத்திருக்கப் பல்லியம் காத்திருப்பதில்லை. பேரிசைப் பதிவை மதிப்பிடுவோர் இதனை நினைவில் கொள்ளல் வேண்டும். அதன் பருமை, ஓரளவு, கலவை செய்வோரின் கைவண்ணமே.

கேட்கும் முறையும் மதிப்பீட்டைப் பாதிக்கும். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் செல்லோவும் டிம்பனியும் கேட்கவே மாட்டா. அதில் கேட்டுவிட்டுப் பல்லியம் எங்கே என்று வினவுதல், சாவித் துவாரத்தின் வழியே பேராலயத்தைப் பார்த்துவிட்டுச் சிறியது என்பதற்கு ஒப்பாகும். நல்ல ஒலிபெருக்கி உள்ள இல்லத்தில், இரவு உணவுக்குப்பின், வேறு வேலையின்றி அமர்ந்து சிவபுராணப் பகுதியை மட்டும் முதலில் கேளுங்கள். முதல்முறை நூலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மறுமுறை நூலின்றிக் கேளுங்கள். நூலின்றியும் சொல் விளங்குகிறதா என்பதே தமிழ்ப் பாட்டுக்கு முதற்சோதனை. இத்தட்டில் பெரும்பாலான இடங்களில் விளங்குகிறது. பல குரல் ஒன்றாக எழும் உச்ச இடங்களில் மட்டும் நூலின் துணை வேண்டியுள்ளது.

இச்சோதனையை நம் பாடகர் குழுக்களுக்கும் வைத்துப் பார்ப்போம். தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுவன. 'வரும்' என்ற சொல்லை மெட்டுக்காக நீட்டினால் 'வாரும்' ஆகும். நடக்கும் என்று உரைத்தது, நடக்கவேண்டும் என்ற மன்றாட்டாகிவிடும். 'விடு' நீண்டால் 'வீடு'. பல்லியம் இல்லாத பங்கும், ஆர்மோனியமே இல்லாத கிளைக்கிராமமும் இதனைத் திருத்திக்கொள்ளலாம். பொருட்செலவு ஏதுமில்லை.

மற்றொன்றையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. பேரிசைப் பதிவுகளைக் கேட்டுப் பழகிய காதுக்கு, நம் கோவிலில் ஐந்தாறு பேர் பாடுவது வறுமையாகத் தோன்றுகிறது. அதனால் பதிவு செய்த வாத்திய இசையைத் திருப்பலியில் ஓடவிட்டு, ஒருவர் மட்டும் ஒலிவாங்கியில் பாடும் வழக்கம் திருவிழாக்களிலும் திருமணங்களிலும் பரவி வருகிறது. மக்கள் வாய்மூடி நிற்கின்றனர். உரோமையின் திருச்சடங்குப் பேராயம் 1958ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாளிட்ட அறிவுரையில், ஒலித்தட்டு, ஒலிநாடா போன்ற தானியங்கும் கருவிகள் திருவழிபாட்டு இசைக்கு உதவா என்று விலக்கியது. காரணம் எளிது. வழிபாட்டில் பாடுவது, அவ்வேளையில் அங்கே நிற்கும் மக்கள் கடவுளுக்குத் தரும் காணிக்கை. நேற்று வேறோர் ஊரில் பதிவான குரலை இன்று நம் காணிக்கையாக எங்ஙனம் தருவது? 1963இல் பொதுச்சங்கம் திருவழிபாட்டைப் பற்றி வெளியிட்ட சாசனமும், மக்கள் உணர்ந்து பங்குபெற வேண்டும் என்பதையே மீண்டும் மீண்டும் வலியுறுத்துகிறது.

ஆதலின் நம் தீர்ப்பு இது. இளையராஜாவின் திருவாசகம் கேட்கத் தக்கது. சிவபுராணப் பகுதி பலமுறை கேட்கத் தக்கது. அதனைச் சிம்பொனி என்று போற்றவும் வேண்டா, சிம்பொனி அன்று என்று இகழவும் வேண்டா. ஆங்கிலக் கலப்பும் ஆங்காங்கே எழும் திரைநடையும் குறைகளே. தன் சிறுமையை அறிக்கையிடும் மனிதக் குரல் ஒன்றைப் பெரும் பல்லியத்தின் நடுவே அழியாமல் நிறுத்தியது அதன் சிறப்பு. அதனை இல்லத்தில் கேளுங்கள். பிள்ளைகளோடு அமர்ந்து கேட்டு, அவர்கள் வினாக்களுக்கு விடை கூறுங்கள். ஞாயிறன்று கோவிலுக்கு வரும்போது ஒலித்தட்டை வீட்டில் வைத்துவிட்டுக் குரலை மட்டும் கொண்டுவாருங்கள். பாடகர் குழுத் தலைவர்கள் அடுத்த ஒத்திகையில் ஒரே ஒரு பாடலை எடுத்து, குறில் நெடில் பிழையின்றி, வாத்தியமின்றி, மக்கள் அனைவரும் பாடும்படி கற்பித்துப் பார்ப்பார்களாக.